வெருகலுக்கு வருவது எங்கள் மலைத் தண்ணீர்

(கதிரவெளியில் நடந்த குடிநீர்க் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



தோட்டத் தொழிற்சங்கத்துக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் வெருகல் ஆறு. அது மகாவலியின் ஒரு கிளை. மகாவலிக்குத் தண்ணீர் கொடுப்பது ஹட்டனும் நுவரெலியாவும் கொத்மலையும். நாம் கொழுந்து எடுக்கிற மலையில் விழும் மழைதான் வெருகல் முருகன் கோவிலடியால் ஓடிக் கடலில் சேர்கிறது. இன்னொரு உறவும் உண்டு. 1977 இலும் 1983 இலும் அடிபட்டு மலையை விட்டு இறங்கிய எமது குடும்பங்கள் வவுனியாவிலும் கிழக்கிலும்தான் தஞ்சம் தேடின. அதனால் நாங்கள் இங்கே விருந்தாளிகளாக வரவில்லை.

பல்கலைக்கழகமும் கம்பனியும் அரசாங்கமும் கைகோர்த்தால் புதிய கருவிகள் வரும், சுத்தமான தண்ணீர் வரும் என்று இப்போது எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். நாங்கள் அதை எதிர்க்கவில்லை. அந்த மேசையில் குடம் தூக்குகிறவருக்கு ஒரு கதிரை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறோம்.

சுனாமியை நினைத்துப் பாருங்கள். 2004 மார்கழியில் கடல் ஏறி வந்தபோது இலங்கை முழுவதும் 40,000 க்கும் மேற்பட்ட குடிநீர்க் கிணறுகள் உடைந்தன அல்லது உவர்த்தன என்று மதிப்பிட்டார்கள். உதவிக்கு வந்த நிறுவனங்கள் பம்பு வைத்துக் கிணறுகளை இறைத்தன. நல்ல மனதோடுதான் இறைத்தார்கள். ஆனால் இந்த மணலின் குணம் வேறு. இங்கே மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீரின் மேலே மழைத் தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேலே அந்த ஒரு அடியை உறிஞ்சி எடுத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு மேலே ஏறும். பூவல் தோண்டித் தண்ணீர் எடுத்த உங்கள் மூத்தவர்கள் ஆழமாகத் தோண்டாமல் விட்டது சும்மா இல்லை.

2005 மாசி முதல் புரட்டாதி வரை அமெரிக்க, இலங்கை, டென்மார்க் நீரியல் ஆய்வாளர்கள் சேர்ந்து கரையோரக் கிணறுகளைப் பரிசோதித்தார்கள். சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகமும் மட்டக்களப்புக் கரையில் கிணறுகளை அளந்தது. அளவுக்கு மீறி இறைக்காதீர்கள், மழை மணலைக் கழுவட்டும் என்றுதான் அவர்கள் அறிவுரை சொன்னார்கள். படித்தவர்களின் அளவுகோலும் பூவல் தோண்டியவர்களின் பழக்கமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. பம்புகள் வருவதற்கு முன்பே இந்த இரண்டு பேரையும் யாராவது ஒன்றாக உட்கார வைத்திருந்தால் எவ்வளவு நல்லது!

மூன்று தரப்பும் சேர்ந்து உருப்படியாகச் செய்த வேலையும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. யில் பேராசிரியர் பிரதீப்பும் அவரது மாணவர்களும் வெள்ளியின் நுண்துகள்களைக் கொண்டு தண்ணீரில் கலந்த பூச்சிமருந்தை நீக்க வழி கண்டார்கள். 2007 இல் ஒரு கம்பனி அதை வீட்டு வடிகட்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு நச்சு ஆசனிக்கை நீக்கும் 'அம்ரித்' என்ற முறை வந்தது. இரும்புத் துருவுக்கு உறவான ஒரு பொருளை, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் பதித்துச் செய்தார்கள். நீங்கள் வாவிக்கரையில் கொட்டுகிற அதே இறால் ஓடுதான்! அரசாங்கத்தின் துணையோடு அது மேற்கு வங்கக் கிராமங்களுக்குப் போனது. அங்கே நோய் எதுவென்று முதலில் தெரிந்திருந்தது, மருந்தை அதற்குப் பிறகுதான் தேடினார்கள்.

அந்த வடிகட்டியைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் உப்புப் போகாது. இங்கே பிரச்சினை உவர். அதற்கு அழுத்தத்தால் சவ்வு வழியே வடிக்கிற ஆர்.ஓ. இயந்திரம் வேண்டும். அது ஒரு பங்கை நல்ல தண்ணீராகத் தரும், மீதியை உப்புச் செறிந்த கழிவாக வெளியே தள்ளும். அந்தக் கழிவு எங்கே போகும்? வாவிக்கா, பக்கத்துக் கிணற்றடிக்கா? சவ்வு பழுதானால் யார் மாற்றுவது, கரண்ட் பில் யார் கட்டுவது? நாடா வெட்டும் நாளிலேயே இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்தில் பிரச்சினை வேறு. பீலித் தண்ணீரில் உப்பு இல்லை. பீலிக்கு மேலே லயன் மலசலகூடமும் மாட்டுக் கொட்டிலும் இருந்தால் கிருமி இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். மேலே அடித்த களைமருந்து கலந்திருந்தால் கொதிக்க வைத்து ஒன்றும் ஆகாது.

களைமருந்து என்றதும் 2015 ஞாபகம் வருகிறது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய்க்கும் கடின நீருக்கும் கிளைபோசேட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ரஜரட்டப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் அவரது குழுவினரும் 2014 இல் எழுதினார்கள். வேறு விஞ்ஞானிகள் அதை ஏற்கவில்லை. 2015 இல் அரசாங்கம் அந்த மருந்தைத் தடை செய்தது. புல் பெருகி நட்டம் என்றன தோட்டக் கம்பனிகள். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையை நீக்கினார்கள். பல்கலைக்கழகம், கம்பனி, அரசாங்கம் என்று மூவரும் பேசினார்கள். மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்தவர்களும், புல் மண்டிய மலையில் பாம்புக்குப் பயந்து கொழுந்து எடுத்தவர்களும் நாம்தான். எமது இரத்தத்தையும் எமது பீலியையும் பரிசோதித்து முடிவை எமது கையில் தந்த பிறகா தடை வந்தது, தடை போனது?

எமக்குக் கதிரை இல்லை என்று சொல்ல முடியாது. 1992 இல் தொடங்கிய 'ட்ரஸ்ட்', அதாவது இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தில், அரசாங்கத்தோடும் கம்பனிகளோடும் தொழிற்சங்கங்களும் அங்கம். அங்கே நாங்கள் வைக்கப்போகும் கோரிக்கை இதுதான்: தோட்டத்தில் யார் தண்ணீர் மாதிரி எடுத்தாலும், பேராதனையோ நீர் வழங்கல் சபையோ கம்பனியோ, முடிவைத் தமிழில் எழுதிப் பீலிக்கரையில் ஒட்ட வேண்டும். மாதிரி எடுக்கும்போது தண்ணீர் அள்ளுகிற பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில் நிற்க வேண்டும். கதிரவெளி மக்கள் இதையே பிரதேச செயலகத்தில் கேட்கலாம். நாங்களும் கூட வருகிறோம்.

மாதாந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு தோட்டக் கிளையும் தன் பீலிகளின் பெயர், அதற்கு மேலே என்ன இருக்கிறது, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்பதை எழுதிக் கொண்டுவர வேண்டும். இங்குள்ளவர்கள் எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கிறது என்று எழுதுங்கள். பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். படிவம் வாசலில் இருக்கிறது, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.