நம் ஊர்ப் பள்ளிகளும் நம் 15 கையொப்பங்களும்
(சங்கத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவு விழாவில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

'கல்வியில் நம் கடமை' என்ற தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். கல்வியின் சிறப்பை இந்த அவைக்கு நாங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நம் ஊர்ப் பள்ளிகளை நடத்துவது யார்?

2016-இல் தஞ்சோங் மாலிம் வட்டாரம் பேராக் மாநிலத்தின் 11-ஆவது மாவட்டமானது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் முஅல்லிம். மதரஸாவில் ஓதிய ஒவ்வொருவருக்கும் இந்த அரபுச் சொல்லின் பொருள் தெரியும்: ஆசிரியர். ஊர்ப் பெயரில் உள்ள 'மாலிம்' என்பதும் இதே சொல்தான். கடலில் கப்பலுக்கு வழிகாட்டுபவரை நம் முன்னோர் 'மாலுமி' என்றார்கள். அதுவும் இதே சொல்லின் வழி வந்தது. ஆசிரியரும் வழிகாட்டியும் ஒரே சொல்லுக்குள் இருக்கும் ஊரில் நாம் வாழ்கிறோம்.

அந்தப் பெயருக்கு ஏற்ற வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. மலாக்காவிலும் மாத்தாங்கிலும் இருந்த மலாய் ஆசிரியர் கல்லூரிகள் இரண்டையும் ஒன்றாக்கி, 1922 நவம்பரில் இங்கே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. முதல் முதல்வராக 1936 வரை இருந்தவர் டுசெக் என்னும் ஆங்கிலேயர். மலாய்ப் பிள்ளைக்குக் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று ஆட்சியாளர் பலர் எண்ணிய காலம் அது. அவரோ, மலாய்மொழி உயர்ந்த கல்வியைத் தாங்கும் என்று நம்பி உழைத்தார். 1924-இல் மொழிபெயர்ப்பு அலுவலகமும் இவ்வூருக்கு வந்தது. அதில் பணியாற்றிய ஸாபா எழுதிய 'பெலித்தா பஹாசா மெலாயு' மலாய் இலக்கணத்துக்கு அடிப்படை நூல்களில் ஒன்றாயிற்று. அந்தக் கல்லூரியே 1997-இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் ஆனது. இன்று அங்கே தமிழாசிரியர்களும் பயிற்சி பெறுகிறார்கள். ஒரு சமுதாயத்தின் மொழி பள்ளிக்கூடத்தில் இடம் பெற்றால் அந்தச் சமுதாயம் நிமிரும் என்பதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை. நம் தெருக்கோடியிலேயே இருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். 'பள்ளிகளை நடத்துவது மாவட்டக் கல்வி அதிகாரி' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வகுப்பில் ஆசிரியர் இல்லையா? அவரைக் கேள். கூரை ஒழுகுகிறதா? அவரிடம் போ. அவர் நினைத்தால் எல்லாம் நடக்கும் என்பது நம் எண்ணம். அமெரிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் இது ஓரளவு பொருந்தும். அங்கே ஊர் மக்கள் வாக்களித்துப் பள்ளி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரியம் மாவட்டப் பள்ளிகளுக்கு ஒரு கண்காணிப்பாளரை அமர்த்துகிறது. மக்கள் கட்டும் சொத்து வரியின் ஒரு பகுதி அந்தப் பள்ளிகளுக்குப் போகிறது. குறை இருந்தால் வாரியக் கூட்டத்துக்குப் போய் நேருக்கு நேர் கேட்கலாம்.

நம் நாட்டு அமைப்பு வேறு. உள்ளூர்க் கல்வி அதிகாரக் குழுக்கள் வேண்டும் என்று 1956-இல் ரசாக் அறிக்கை சொன்னது. அந்த ஏற்பாடு இங்கே வேரூன்றவில்லை. பாடத்திட்டம் புத்ராஜெயாவில் உள்ள கல்வியமைச்சிலிருந்து வருகிறது. ஆசிரியரை நியமிப்பது கல்விச் சேவை ஆணையம். சம்பளம் மத்திய அரசின் பணம். இடையில் ஈப்போவில் மாநிலக் கல்வி இலாகா. அதற்கும் கீழே மாவட்டக் கல்வி அலுவலகம். நம் மாவட்ட அதிகாரி தாமாக ஓர் ஆசிரியரைக்கூட வேலைக்கு எடுக்க முடியாது.

அப்படியானால் அவர் கையில் என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. தலைமையாசிரியர்களுக்குத் துணை நிற்பது அவர் வேலை. 2013 முதல் 2025 வரைக்கான மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் மாவட்ட அலுவலகங்களுக்குப் புதிய பொறுப்புகளைத் தந்தது. தலைமையாசிரியர்களுக்குத் துணைநின்று வழிகாட்டும் அதிகாரிகளும், பாட ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் அதிகாரிகளும் அந்த அலுவலகங்களில் அமர்த்தப்பட்டார்கள். 150 மாணவர்களுக்கும் குறைவான சிறிய பள்ளிகளை அரசு தனி வகையாகக் கணக்கில் வைத்திருக்கிறது. பழைய தோட்டப்புறப் பள்ளிகள் பல இந்த வகையில் அடங்கும். தோட்டத்து மக்கள் நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்தபின், வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளியைக் காப்பாற்றும் தலைமையாசிரியருக்கு முதல் துணை மாவட்ட அலுவலகம்தான்.

அதைவிட முக்கியமான ஒன்றும் அவர் கையில் இருக்கிறது: கணக்கு. எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் குறைவு, எங்கே என்ன தேவை என்பதை மேலிடத்துக்கு எழுதுபவர் அவர். கணக்கில் ஏறிய தேவைக்காக அவர் வாதாட முடியும். ஏறாத தேவைக்கு அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை அந்தக் கணக்கில் ஏற்ற வேண்டியவர்கள் நாம்தான்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. அவற்றை எல்லாரும் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். முதல் எண் 15. ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், அங்கே தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். 'செய்யலாம்' என்று சட்டம் சொல்லவில்லை, 'செய்ய வேண்டும்' என்றே சொல்கிறது. இரண்டாம் எண் 5. ஒரு கல்வி நிலையத்தில் இஸ்லாமிய மாணவர்கள் 5 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் மார்க்கக் கல்வி தரவேண்டும். தமிழ்ப்பள்ளிக்கும் இது பொருந்தும்.

நம்மில் பெரும்பாலோர் பிள்ளைகளைத் தேசியப் பள்ளிக்கே அனுப்புகிறோம். காரணம் கேட்டால், 'தமிழ்ப்பள்ளியில் மார்க்கக் கல்வி கிடைக்காதே' என்கிறோம். தேசியப் பள்ளிக்குப் போன பிள்ளைக்குத் தமிழ் வரவில்லையே என்றால், 'அங்கே தமிழ் வகுப்பு இல்லையே' என்கிறோம். முதல் குறைக்குச் சட்டம் 5 என்ற எண்ணைத் தந்திருக்கிறது. இரண்டாவதற்கு 15 என்ற எண்ணைத் தந்திருக்கிறது. இரண்டு கதவுகளுக்கும் சாவி நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நாம்தான் எடுக்கவில்லை.

இதைச் சொல்லும்போது யாரையும் குறை கூற நாங்கள் வரவில்லை. குறை நம்முடையது. இந்த மலருக்காகச் சங்கத்தின் பழைய கோப்புகளைப் புரட்டினோம். கல்வி அதிகாரிகளுக்கு அனுப்பிய அழைப்புக் கடிதங்கள் இருக்கின்றன. நன்றிக் கடிதங்கள் இருக்கின்றன. பரிசளிப்பு விழாப் படங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் பொன்னாடை இருக்கிறது. தமிழ் வகுப்பு வேண்டும் என்று கேட்ட கடிதம் ஒன்றுகூட இல்லை. 50 ஆண்டுகளாக அதிகாரிகளுக்கு மாலை போட்டோம், மனு கொடுக்கவில்லை.

அதன் பலனை இப்போது பார்க்கிறோம். சென்ற ரமலானில் தராவீஹுக்குப் பின் தமிழ் பயான் நடந்தது. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் தன் பாட்டனாரிடம், 'ஹஸ்ரத் என்ன சொன்னார்?' என்று மலாயில் கேட்டான். பாட்டனார் மலாயில் பதில் சொன்னார். அருகில் இருந்த நாம் சிரித்தோம். வீட்டுக்குப் போனபின் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, நெஞ்சில் தைத்தது. அவன் கெட்டிக்காரப் பிள்ளை. குர்ஆனை அழகாக ஓதுகிறான், மலாயும் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிறான். ஆனால் அவன் பாட்டனார் கையெழுத்தில் உள்ள நம் முதல் கூட்டக் குறிப்பேட்டை அவனால் படிக்க முடியாது. நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப் புலவரின் மொழி அவன் வீட்டு மொழி. அவன் வரையில் அது சாப்பாட்டு மேசையில் கேட்கும் சத்தம் மட்டுமே.

'பிழைப்புக்குத் தமிழ் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மலாயும் ஆங்கிலமும் பிள்ளைக்குக் கட்டாயம் தேவை, அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி ஒரு பாடம். தமிழாசிரியர் ஆவதற்கு இதே ஊரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. பள்ளியில் தமிழ் படிக்காத பிள்ளைக்கு அந்த வழி தொடக்கத்திலேயே அடைபடுகிறது.

'நம் ஆட்கள் 15 பேர் ஒரே பள்ளியில் இல்லையே' என்று சொல்பவர்களும் உண்டு. அந்த 15 பேரும் இஸ்லாமியராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதே பள்ளியில் இந்து, கிறிஸ்துவத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கலாம். தமிழ் கற்க விரும்பும் மலாய், சீனப் பிள்ளைகளும் இருக்கலாம். அவர்களின் பெற்றோரைப் போய்ப் பார்ப்போம். கடையில் தினமும் பார்க்கும் முகங்கள்தானே. ஐந்து பேர் நம்மவர், பத்துப் பேர் அண்டை வீட்டார் என்றாலும் கணக்கு 15 தான்.

அதிகாரியும் மக்களும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழகத்தில் ஒரு சான்று உண்டு. பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றி உயர்ந்த நெ. து. சுந்தரவடிவேலு 1954-இல் பொதுக்கல்வி இயக்குநர் ஆனார். காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். 1956-இல் பகல் உணவுத் திட்டம் வந்தது. அதையடுத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. அரசுப் பணம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன தேவை என்று மக்களையே பட்டியல் போட வைத்தார். கரும்பலகை, மேசை, நாற்காலி, சீருடை, கட்டடம் என்று மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். இயக்குநரின் திறமை பெரிது. ஆனால் பட்டியல் போட மக்கள் முன்வராமல் இருந்திருந்தால் அவர் யாரிடம் போய் நின்றிருப்பார்?

ஆகவே, இந்த விழா முடிந்து பந்தலைப் பிரிக்குமுன் நாம் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலில், நம் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுப்போம். சந்தாப் பட்டியல் வைத்திருக்கிறோம், பிள்ளைகளின் பட்டியல் இன்றுவரை நம்மிடம் இல்லை. அடுத்து, 15 பெற்றோர் சேர்ந்த இடத்தில் தலைமையாசிரியருக்கு எழுத்து மூலமாகக் கடிதம் கொடுப்போம். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கிக் கோப்பில் வைப்போம். பிற்பகலில் கஃபா வகுப்பு இருப்பதால் தமிழ் வகுப்பு அதனோடு மோதாத நேரமாக வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் பணிவாக எழுதுவோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தாய்மார்களை மட்டும் அனுப்பிவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்காமல், வாப்பாமார்களும் போவோம்.

வகுப்பு திறந்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. தொடக்கத்தில் இருபது பிள்ளைகள் வந்து, பிறகு ஏழாகக் குறைந்தால், அந்த வகுப்புக்காக எழுதிய தலைமையாசிரியரும் வாதாடிய அதிகாரியும் வெட்கப்பட வேண்டி வரும். அடுத்த முறை நம் கடிதத்துக்கு மதிப்பு இருக்காது. ஆகவே கையொப்பம் போடுபவர் பிள்ளையை அனுப்புவதற்கும் வாக்குக் கொடுக்கிறார் என்பதை மறவாதீர்கள். வாக்கு அமானிதம். அமானிதத்தைப் பேணுவது நமக்குப் புதிதாகச் சொல்லித் தரவேண்டிய பாடம் அல்ல.

தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப விரும்பும் குடும்பங்கள் தனித்தனியாகத் தயங்க வேண்டாம். ஐந்து குடும்பங்கள் ஒன்றாகப் பேசிக்கொண்டு ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். ஐந்து பேர் சேர்ந்தால் உஸ்தாஸை அனுப்பக் கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

பள்ளிகளை நடத்துவது யார் என்று கேட்டோம். அமைச்சு நடத்துகிறது, அதிகாரி நடத்துகிறார், தலைமையாசிரியர் நடத்துகிறார். அவர்கள் எந்தப் பக்கம் நடத்த வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம். அந்த இடம் 50 ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். பட்டியல் தாளும் பேனாவும் அங்கே இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள். இச்சங்கத்துக்கு நூறு ஆண்டு நிறையும்போது இன்ஷா அல்லாஹ் இன்னொரு மலர் வரும். அதைத் தமிழில் எழுதவும் படிக்கவும் இந்த ஊரில் நம் பிள்ளைகள் இருக்கவேண்டும். வல்ல அல்லாஹ் நம் எண்ணத்தையும் முயற்சியையும் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.