ஏரி நீரும் காடாத் துணியும்
(திருவண்ணாமலையில் ஊராட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



மலைமேல் பெய்யும் மழை சமுத்திரம் ஏரி போன்ற நீர்நிலைகளில் தங்கி, அக்கம்பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. ஏரியில் கலப்பது நம் குடத்துக்கும் வந்து சேரலாம். தீபத்துக்கும் பௌர்ணமிக் கிரிவலத்துக்கும் இலட்சக்கணக்கானோர் கூடும் இவ்வூரில் கழிவுநீரும் பெருகவே செய்யும். தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று நாம் எண்ணியிருத்தல் ஆகாது.

கண்ணுக்குப் புலனாகாத புறஊதா ஒளியை ஏற்று, புலனாகும் ஒளியாக வெளியிடும் பொருள்கள் உள. இத்தன்மையை 1852-இல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து விளக்கினார். ஜெர்மனியில் டான்யூப் ஆற்று நீர் ஓரிடத்தில் நிலத்துள் மறைந்து வந்தது. 1877-இல் அவ்விடத்தில் 10 கிலோ ஒளிர்சாயம் கரைத்தனர்; ஏறத்தாழ 60 மணி நேரத்தில், 12 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆக் ஊற்று பச்சையாய் ஒளிர்ந்தது!

நாம் சாயம் கரைக்க வேண்டுவதில்லை. நம் வீடுகளே நாள்தோறும் கரைக்கின்றன. துணி வெளுப்பாய்த் தோன்றச் சலவைத்தூளில் சேர்க்கும் பொருள் புறஊதா ஒளியில் நீலமாய் ஒளிரும். பருத்தியில் நன்கு பற்றும். வெளுக்காத காடாத் துணித் துண்டுகளை, ஏரியில் வாய்க்கால் சேருமிடத்தில் நிழலில் சில நாள் கட்டி வையுங்கள். பின்பு அலசி, இருட்டில் உலர்த்தி, கள்ள நோட்டைக் கண்டறியும் விளக்கின்கீழ்ப் பாருங்கள். நீரில் இடாத துண்டொன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல் வேண்டும். துண்டைச் சலவைத்தூளிட்டுத் துவைத்துவிட்டால் சோதனையே கெட்டது!

துணி ஒளிர்ந்தால், வீட்டுக் கழிவுநீர் கலக்கின்றதென ஐயுறலாம். நோய்க்கிருமி உண்டென்று அதனால் முடிவு கட்டலாகாது. ஒளிராவிடில் நீர் தூயதென்றும் கொள்ளலாகாது. வெயில் அப்பொருளைச் சிதைத்துவிடும். குடிநீர் 100 மில்லிலிட்டரில் ஈ-கோலி கிருமி ஒன்றேனும் இருத்தலாகாது என்பது இந்தியத் தரவிதி. அதனை உறுதிசெய்யக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு நீர்மாதிரியை அனுப்புதலே முறை.

கழிவுநீரில் மிகும் டிரிப்டோபன் போன்ற பொருள்களின் ஒளிர்வை நொடியில் அளக்கும் கருவிகளும் வந்துள்ளன. பீகார்க் கிராமங்களின் நிலத்தடி நீரில் அவ்வாறு அளந்த ஆய்வொன்று 2016-இல் வெளியாயிற்று. விலை மிகுந்த அக்கருவிக்காக நம் ஊராட்சி காத்திருக்க வேண்டுவதில்லை. முழத் துணியும் கைவிளக்கும் தொடக்கத்துக்குப் போதும்.

கார்த்திகையில் மழைநீர் பெருகி ஒளிர்வை மங்கச் செய்யும். ஆதலால் ஏரி வற்றத் தொடங்கும் பங்குனியில் ஒரு முறையும், சித்திரா பௌர்ணமி கழிந்த வாரத்தில் மற்றொரு முறையும் துணி கட்டிப் பாருங்கள். எந்த வாய்க்காலில் ஒளிர்ந்ததோ, அதன் கரையோடு மேல்நோக்கி நடந்து, இடையிடையே மீண்டும் கட்டி வந்தால், கழிவு புகுமிடம் அகப்படும்.