கண்வலியும் அதன் பரிகாரமும்

(கூட்டுறவுச் சங்க மகாசபைக் கூட்டத்தில் செய்யப்பெற்ற பிரசங்கம்)



ஒரு வீட்டில் ஒருவருக்குக் கண்வலி கண்டால், சில நாட்களில் அவ்வீட்டார் யாவருக்கும் அது காண்பது சகஜம். 'மெட்ராஸ் ஐ' என்று சென்னைப் பட்டணத்தின் பெயராலேயே வழங்கும் இவ்வியாதி, வெள்விழியையும் இமையின் உட்புறத்தையும் மூடியுள்ள மெல்லிய சவ்வு அழற்சியுறுவதால் உண்டாவது. இதற்குப் பெரும்பாலும் காரணம் 1953-ம் வருஷத்தில் கண்டறியப்பட்ட அடினோ வைரஸ் என்னும் நுண்கிருமியாகும். கண் சிவந்து, உறுத்தி, நீர் வடியும். முதலில் ஒரு கண்ணிலும் பின்னர் மற்றதிலும் காணும்.

நோயாளியைப் பார்த்தாலே நோய் தொற்றும் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அது பிசகு. கண்ணைத் தொட்ட கையும், துடைத்த துண்டும், படுத்த தலையணையுமே நோயைக் கொண்டு செல்கின்றன. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்குமேயன்றித் தொற்றைத் தடுக்காது. ஆகையால் நோயாளிக்குத் தனித் துண்டும் தலையணையும் கொடுத்தல் வேண்டும். கண்ணைத் தொட்டவுடன் சோப்பினால் கை கழுவ வேண்டும். கண் சிவந்து நீர் வடியுமட்டும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாகாது.

காய்ச்சி ஆறிய நீரில் தோய்த்த சுத்தமான துணியால் பீளையைத் துடைத்து, ஒருமுறை துடைத்த பாகத்தை மறுமுறை உபயோகியாதிருக்க வேண்டும். வைரஸால் வந்த கண்வலி பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களில் தானே தணியும். மஞ்சள் நிறச் சீழ் மிகுந்து இமைகள் ஒட்டிக்கொண்டால், பாக்டீரியா காரணமாயிருக்கலாம். அதற்குரிய சொட்டு மருந்தை வைத்தியரே தெரிந்து கொடுப்பார். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மருந்து சிவப்பை விரைவில் மாற்றினும், கருவிழியில் புண் இருப்பின் பார்வையையே கெடுத்துவிடக்கூடும்.

சிவந்த கண் யாவும் கண்வலியன்று. களத்தில் கதிரடிக்கையில் ஒரு குடியானவரின் கண்ணில் நெல்லுமி பட்டதென்று கொள்க. சாதாரணக் கண்வலியென்றெண்ணி அவர் பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் விட்டுக்கொண்டு நாட்களைக் கழிப்பாராயின், கீறலில் காளான் கிருமி புகுந்து கருவிழி புண்ணாகும். புண் ஆறினும் வெண்தழும்பு நின்று பார்வையை மறைக்கும். கடும் வலி, வெளிச்சம் பொறாமை, பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே கண் வைத்தியரிடம் செல்ல வேண்டும். பிறந்து 28 நாட்களுக்குட்பட்ட சிசுவின் கண்ணில் சீழ் கண்டாலும் அவ்வாறே.

கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. பார்வையிழந்தபின் சங்கத்தில் கடன் வாங்கி வைத்தியம் செய்வதைக் காட்டிலும், வீட்டில் ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்வது மேலானது, செலவும் சொற்பம்.