சான்றிதழ் காக்காது, சங்கமே காக்கும்
(தொழிற்சங்க ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை தீக்கிரையாகி, 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். சன்னல்களில் கம்பிகள், வெளியேறும் வழிகளில் பூட்டு. அந்த ஆலைக்குத்தான் சில வாரங்களுக்கு முன்னர் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசத் தரச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது!

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் பலியாயினர். முந்தைய நாளே கட்டடத்தில் விரிசல் கண்டது. அங்கிருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. ஆடைத் தொழிலாளர்களோ, ஊதியம் கிடைக்காது என மிரட்டப்பட்டு உள்ளே அனுப்பப்பட்டனர். மறுத்து நிற்க அவர்களுக்குச் சங்கம் இல்லை.

சில்லறை வர்த்தகப் பெருநிறுவனங்கள் ஒரு கையால் நன்னடத்தை விதிகளை நீட்டுகின்றன. மறு கையால் கொள்முதல் விலையைக் குறைத்து, கெடுவைச் சுருக்குகின்றன. ஆலை முதலாளியோ வணிக நிறுவனமோ கூலி கொடுத்து அமர்த்தும் தணிக்கையாளர் யாருக்காகப் பேசுவார்?

ராணா பிளாசாவுக்குப் பின் உலகத் தொழிற்சங்கங்கள் கையெழுத்திட வைத்த பாதுகாப்பு உடன்படிக்கை சட்டப்படி கட்டுப்படுத்துவது. ஆய்வறிக்கைகள் பகிரங்கமாயின, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஏற்கப்பட்டது. 2022இல் திண்டுக்கல்லில் பெண் தொழிலாளர்களின் சங்கமும் பாலியல் வன்முறைக்கு எதிராக அத்தகைய ஒப்பந்தத்தை வென்றெடுத்தது.

இங்கோ, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அரசு ஆய்வாளரையே முதலாளிக்கு 'வசதி செய்து தருபவராக' மாற்றுகின்றன. எனவே, விநியோகச் சங்கிலியின் ஒவ்வொரு ஆலையிலும் சங்கம் அமைப்பதே நம் உடனடிக் கடமை.