முகத்துக்கு வழிவிடும் உடை

"ஆள் பாதி, ஆடை பாதி" என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். திருமண வீட்டுக்குச் செல்வோரும், உத்தியோகம் வேண்டி நேர்முகப் பரீட்சைக்குச் செல்வோரும் இப்பழமொழியை நம்பியே பெட்டியைத் திறந்து நல்ல உடையைத் தேடுகின்றனர். அவர்கள் செய்வதில் தவறில்லை. ஆனால், இப்பழமொழி பொருந்தாத இடமும் ஒன்று உண்டு. நடிப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் ஒருவர், தம்மை அறியாத நெறியாளருக்கு அனுப்புவதற்காக எடுக்கும் முகப்படமே அவ்விடம். அங்கே ஆடை பாதியை எடுத்துக்கொண்டால் ஆளும் பாதியாகிவிடுவார். நெறியாளர் தேடுவதோ முழு ஆளை.

மேல்நாடுகளில் இம்முகப்படம் நடிகரின் முதல் விண்ணப்பமாகவே மதிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் நடிகர்களின் படங்களைத் தொகுத்து நெறியாளர்களுக்கு அறிமுகஞ் செய்யும் 'ஸ்பொட்லைட்' என்னும் தொகுப்பு 1927ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. அமெரிக்காவில் எட்டங்குல அகலமும் பத்தங்குல உயரமும் உடைய படமே நெடுங்கால வழக்கு. இன்று அப்படம் கடிதவுறையில் அன்றிக் கைத்தொலைபேசி வழியாகச் செல்கிறது. வழி மாறினும் நோக்கம் மாறவில்லை. "இவர் நேரில் வந்தால் எப்படி இருப்பார்? இம்முகத்துக்குள் எத்தனை மனிதர் இருக்கக்கூடும்?" என்னும் இரண்டு கேள்விகளுக்கு அப்படம் விடை கூறவேண்டும்.

வன்னி மண்ணுக்கு நடிப்புப் புதிதன்று. நந்திக்கடலின் ஒரு கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து தங்கிய இடங்களுள் அது பத்தாவது என்றும், அதனாற் பத்தாப்பளை எனப் பெயர் பெற்றதென்றும் மக்கள் கூறுவர். கண்ணகி வழிபாடு வேரூன்றிய முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்தும் வேரூன்றியது இயல்பே. அக்கடலின் மறு கரையிலே, நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே, முள்ளிவாய்க்கால் அமைந்திருக்கிறது.

ஈழத்துக் கூத்தில் உடையின் பணி யாது? களரியைச் சுற்றி இருப்போர் தொலைவில் இருந்தனர். வெளிச்சமோ பந்தங்களின் வெளிச்சம். பிற்காலத்திற் பெற்றோமாக்ஸ் விளக்கின் வெளிச்சம். அந்த ஒளியில் முகத்தின் நுண்ணிய அசைவை யார் காண்பார்? ஆதலின் உடையே பேசவேண்டியிருந்தது. மரத்தாற் செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்த முடியும், புயக்கட்டும், மார்புப் பதக்கமும், வட்டமாக விரிந்து நிற்கும் கரப்புடுப்பும், வருபவன் அரசன் என்பதை அவன் வாய் திறக்குமுன்னரே அறிவித்தன. பகலில் வயலில் நின்ற ஆடவனே இரவிற் சேலையுடுத்திக் கண்ணகியாகவும் மாதவியாகவும் வந்தான். ஊரும் அவனைக் கண்ணகியாகவே கண்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடிய கூத்து மின்னொளி மேடைக்கு ஏற்பச் சுருங்கியது. பார்ப்போர் அருகில் வந்தனர். அருகில் வந்தவர்க்கு உடை மட்டும் போதாது, முகமும் வேண்டும்.

கமராவோ மேடையினும் அருகில் வருவது. ஒரு சாண் தொலைவில் நின்று பார்ப்பவர்க்குப் புயக்கட்டு எதற்கு? கூத்தின் உடை "இவன் இன்னான்" என்று முடித்துச் சொல்கிறது. முகப்படத்தின் உடையோ "இவன் யாராகவும் ஆகலாம்" என்று சொல்லி ஒதுங்கி நிற்கவேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்தவர்க்கு மற்றவை எளிதில் விளங்கும்.

முதலாவது நிறம். நம்மவர் படமெடுக்கப் போகும்போது தூய வெண்ணிறச் சட்டையையே பெரிதும் விரும்புகின்றனர். ஆனால் கமரா ஒளியை அளக்கும் முறையை அறிந்தவர் அதனை எளிதில் ஏற்கமாட்டார். தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் நடுத்தரமான சாம்பல் நிறத்தின் அளவுக்குக் கொண்டுவரவே கமரா முயல்கிறது. படத்தின் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தால், ஒளி மிகுந்துவிட்டதென்று எண்ணி அது படத்தை இருளச் செய்யும். சட்டை தப்பிவிடும், கரிய முகம் கறுத்து மறையும். முழுக் கறுப்பு உடையோ இதற்கு நேர்மாறானது. கமரா ஒளியைக் கூட்டுவதால் முகம் வெளிறித் தட்டையாகும். ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட நிறங்களே நலம் தருவன. ஆழ்ந்த பச்சை, செங்கல் நிறம், மங்கிய நீலம், மண்ணின் கபிலம் ஆகியவை நம்மவர் மேனிக்குப் பெரும்பாலும் இசைந்து நிற்கும்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். கொடாக் நிறுவனம் நிறம் சரிபார்ப்பதற்காகப் படம் கழுவும் நிலையங்களுக்கு வழங்கிய அட்டைகளில் வெள்ளைநிறப் பெண்ணின் உருவமே நெடுங்காலம் இருந்தது. 'ஷேர்லி அட்டை' என்று அதனை அழைத்தனர். அவ்வெள்ளை மேனி சரியாகத் தெரிந்தால் நிறம் சரி என்பது கணக்கு. கரிய மேனியர் தம் படத்திற் கண்ணும் பல்லும் மட்டுமே தெரியக் கண்டு தம் நிறத்தை நொந்துகொண்டனர். குற்றம் நிறத்தில் இல்லை, அளவுகோலில் இருந்தது. இன்றும் முகத்தை வெளுக்கச் செய்யும் பூச்சைப் பூசிக்கொண்டு கமராவின் முன் நிற்பவர், அப்பழைய அளவுகோலுக்கே பணிகின்றனர். அன்றியும், வெளுத்த படத்தைக் கண்டு அழைக்கும் நெறியாளர், நேரில் வேறொருவர் வந்து நிற்பதைக் காண்பார். முகப்படம் பொய் சொன்னதாக முடியும்.

இரண்டாவது, உடையின் மேலுள்ள கோலம். நெருக்கமான நுண்கோடுகளும் சிறு கட்டங்களும் கமராவில் நீரலைபோல் நெளியும் மாயக் கோடுகளை உண்டாக்கும். எழுத்துப் பொறித்த பெனியனை அணிந்தால், பார்ப்பவர் முதலில் எழுத்தைப் படிப்பார். பின்னரே முகத்தைப் பார்ப்பார். மூன்றாவது, கழுத்து. படச்சட்டத்துள் அடங்கும் உடை மார்புக்கு மேற்பட்ட சிறு பகுதியே. ஆகவே காலணியைப் பற்றிக் கவலைப்படுவோர் கழுத்துப்பட்டியைப் பற்றிக் கவலைப்படுதல் நன்று. மிக இறுகிய பட்டி கழுத்தைக் குறுக்கும். தளர்ந்து தொங்கும் பட்டி சோர்வைக் காட்டும். பலமுறை தோய்த்து உடலோடு பழகிய சட்டையே புதுச் சட்டையினும் சிறந்தது. கடையில் வாங்கிய மடிப்புக் கலையாத சட்டையில் மனிதர் விறைத்து நிற்பர். அவ்விறைப்புக் கண்ணிலும் தெரியும்.

பெண்களுக்கு இன்னும் சில நுட்பங்கள் உண்டு. அகன்ற சரிகைக் கரையும் பெரிய தோடும் ஒளியைத் தம்பால் இழுத்துக்கொள்ளும். தலை நிறைந்த மல்லிகைச் சரம் ஒருவரை மணமகளாகவே நிறுத்திவிடும். பொட்டும் அத்தகையதே, அது ஒரு வாழ்வைக் குறிப்பது. ஆதலின் பொட்டுடன் ஒரு படமும் பொட்டின்றி ஒரு படமும், சேலையில் ஒன்றும் சாதாரணச் சட்டையில் ஒன்றும் எடுத்து வைப்பது அறிவுடைமை.

இவையெல்லாம் எந்த ஊர் நடிகர்க்கும் உரியவை. முள்ளிவாய்க்காலில் இவற்றுக்கும் மேலான ஒரு சிக்கல் உண்டு.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போரின் இறுதி நாட்கள் கழிந்த நிலம் அது. உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு வெளியேறியவர்கள் வீட்டை விட்டனர், பெட்டியை விட்டனர், பெட்டிக்குள் இருந்த படங்களையும் விட்டனர். திருமணப் படம் இல்லாத தம்பதியரும், குழந்தைப் பருவப் படம் இல்லாத இளைஞரும் அங்கே உளர். எஞ்சிய படங்களோ வேறொரு சுமையைச் சுமக்கின்றன. 2017ஆம் ஆண்டில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, தாய்மாரின் கைகளில் இருந்தவை முகப்படங்களே. பாடசாலைச் சீருடையில் ஒரு மகன். அடையாள அட்டைக்காக ஸ்ரூடியோவில் இரவலாகப் பெற்ற கோட்டு அணிந்த ஒரு கணவன். அன்று ஏதோவொரு தேவைக்காக அணிந்த உடை, இன்று அவருடைய இறுதி அடையாளமாக நிற்கிறது.

இத்தகைய ஊரில் ஓர் இளைஞன் நடிகனாக விரும்பிப் படமெடுக்கப் புறப்படுகிறான் என்று கொள்க. "தம்பி, அந்த நீளக்கைச் சேட்டைப் போடு, வேட்டியைக் கட்டு, திருநீறு பூசு" என்று தாய் சொல்வாள். அவள் சொல்வது கலைக்குப் பொருந்தாததென்று எவரும் நகைக்கலாகாது. படம் என்றால் என்னவென்று அவள் அறிவாள். சுவரில் மாட்டி வைப்பதற்கும், ஒரு காலத்தில் கையில் ஏந்துவதற்கும் உரிய பொருள் அவளுக்குப் படம். நெறியாளர்க்கோ அது திறந்த கதவு. தாய் வேண்டுவது முடிந்த உருவம். நெறியாளர் வேண்டுவது முடியாத உருவம்.

வீட்டில் இந்தப் பக்கம் இழுக்க, வெளியுலகம் மற்றொரு பக்கம் இழுக்கும். முள்ளிவாய்க்கால் என்ற பெயரைக் கேட்டவுடனே அங்கிருந்து வருபவரிடம் துயரத்தை மட்டுமே எதிர்பார்ப்போர் உண்டு. கிழிந்த சாரமும், வாராத தலையும், இடிந்த சுவரும் இருந்தால் வாய்ப்பு விரைவில் வரும் என்று சிலர் அறிவுரை கூறவும் கூடும். வாய்ப்பு வரலாம். ஆனால் வருவது அகதியின் பாத்திரம் ஒன்றே. அடுத்து வருவதும் அதுவே. மருத்துவனாகவும் வஞ்சகனாகவும் நகைச்சுவைக்காரனாகவும் காதலனாகவும் நடிக்கும் உரிமையை அவ்விளைஞன் தன் உடையினாலேயே கைவிட்டவனாவான்.

2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' என்னும் பிரெஞ்சுப் படம் இங்கு நினைக்கத்தக்கது. ஷாக் ஒடியார் நெறிப்படுத்திய அப்படத்தில், எழுத்தாளர் ஷோபாசக்தி என்று அறியப்படும் அல்லைப்பிட்டி அந்தோனிதாசன் யேசுதாசன் தலைமைப் பாத்திரம் ஏற்றார். போரில் தோற்ற ஒரு போராளி தன் சீருடையை நெருப்பிலிட்டுச் சாதாரண உடைக்கு மாறுகிறான். இறந்துபோன ஒருவனின் கடவுச்சீட்டைக் கொண்டு பிரான்சுக்குச் செல்கிறான். அங்கே இரவில், மின்னும் விளையாட்டுக் காதுகளைத் தலையில் அணிந்து சில்லறைப் பொருள் விற்கிறான். உடை மாறும்போதெல்லாம் உலகம் அவனை வேறொருவனாகக் காண்கிறது. முகம் மட்டும் அவ்வளவையும் தாங்கி நிற்கிறது. அதே நடிகர் 2017இல் கனடாவில் லெனின் எம். சிவம் உருவாக்கிய 'ரூபா' படத்தில், காதலில் அகப்பட்ட ஒரு குடும்பத்தலைவராக வந்தார். ஒரு பாத்திரத்தோடு முடிந்துவிடாத முகமே நடிகனின் முதல் என்பதற்கு இது போதிய சான்று.

ஆகவே அவ்விளைஞன் செய்யத்தக்கது யாது? இரண்டு படங்கள் எடுப்பதே. ஒன்று தாய்க்கு. அதிலே நீளக்கைச் சட்டையும் வேட்டியும் திருநீறும் இருக்கட்டும். அவள் விரும்பினாற் கோட்டும் இருக்கட்டும். அப்படம் சட்டமிட்டு வீட்டுச் சுவரிலே தொங்கவேண்டும். பெட்டியோடு படங்களை இழந்த வீட்டில் அதற்குள்ள மதிப்பை வேறெந்தப் படமும் பெறாது. தாயின் படத்தையே நெறியாளர்க்கு அனுப்பினாலும், நெறியாளரின் படத்தையே தாய்க்குக் காட்டித் திருப்தி கொள்ளச் சொன்னாலும், இருவரும் ஏமாற்றமே அடைவர்.

மற்றொன்று தொழிலுக்கு. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன்னர், வீட்டு வாசலின் நிழலில், வெளிச்சம் வரும் திசையை நோக்கி அவன் நிற்கட்டும். பின்னால் பனையோ கடலோ இடிந்த சுவரோ வேண்டாம். ஒரு நிறப் பூச்சுச் சுவர் போதும். கடற்காற்றும் வியர்வையும் உடையைக் கெடுக்கும் ஊராதலால், அழுத்தி வைத்த சட்டையைக் கையில் எடுத்துச் சென்று, படமெடுக்கும் வேளையில் அணிந்துகொள்ளட்டும். தங்க நிறக் கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். எடுத்த படத்தை ஊர் நண்பர் ஒருவரிடம் காட்டி, "என்ன தெரிகிறது?" என்று கேட்கட்டும். "நல்ல சட்டை" என்று அவர் விடை சொன்னால், வேறு சட்டையை அணிந்து மீண்டும் எடுக்கவேண்டும். "நீதான்" என்று சொன்னால், அப்படத்தை அன்றே அனுப்பலாம்.