தூசியைப் பிறக்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும்

(மும்பையில் மரப்பட்டறைத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் கூடிய சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தூசி உறிஞ்சும் மெஷின் வாங்குவது முதலாளியின் பாடு, அதற்கு எதற்குச் சங்கக் கூட்டம் என்று சிலர் கேட்டார்கள். பணம் கொடுப்பவர் சேட், உண்மைதான். ஆனால் அந்த மெஷின் பிடிக்காமல் விட்ட தூசியை நெஞ்சில் வாங்கிக்கொள்பவர்கள் நாம். ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும்போதும் பொருத்தும்போதும் நம்முடைய சொல் அங்கே இருக்க வேண்டும். சொல் எடுபட வேண்டுமானால் விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

இழைப்பு மெஷினிலிருந்து விழுகிற சீவலைப் பார்த்து நாம் பயப்படுகிறோம், தரை முழுவதும் குவிகிறதே என்று. சீவல் நம்மைக் கொல்லாது. உப்புத்தாள் மெஷினும் வட்ட ரம்பமும் கிளப்புகிற மாவு போன்ற தூள்தான் எதிரி. அதிலும் 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளது, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, கண்ணுக்கே தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் நிற்கிறது. மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காருகிறோமே, அப்போதும் அதைத்தான் சுவாசிக்கிறோம்.

இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர் போனது. அங்கே மேஜை நாற்காலி செய்த தொழிலாளர்களிடம் அபூர்வமான ஒரு மூக்குப் புற்றுநோய் அளவுக்கு மீறி இருப்பதை 1960களில் மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. அந்த நோய் பத்திருபது ஆண்டுகள், சில சமயம் நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் பட்டறை கைமாறியிருக்கும், சேட் மாறியிருப்பார், நாம் ஊர் திரும்பியிருப்போம். யாரிடம் போய்க் கேட்பது?

ஆஸ்துமாவும் தோல் அரிப்பும் அவ்வளவு காத்திருப்பதில்லை. தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கிவிடும். எம்.டி.எஃப். பலகையை அறுத்தால் மரத்தூளோடு பசைத்தூளும் சேர்ந்தே வரும். வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறுகிற தாய்மார்களுக்கும், அந்த ஒற்றை அறையில் படுத்திருக்கும் குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இனி மெஷினுக்கு வருவோம். சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டு, தூசிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்பார் சேட். அது ஏற்பாடு அல்ல. ரம்பத்தில் பிறந்த தூசி நம் முகத்தைக் கடந்துதான் அந்தச் சுவருக்குப் போகும். ரம்பத்தின் அடியிலேயே, உப்புத்தாள் உருளையின் வாயிலேயே மூடி கட்டி உறிஞ்ச வேண்டும். இது நம்முடைய பேராசை அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவே அப்படித்தான் சொன்னது: உறிஞ்சும் சாதனம் தூசி பிறக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும், அந்த இடத்தை முடிந்தவரை மூடியிருக்க வேண்டும்.

கடைக்காரர் மோட்டாரின் குதிரைத் திறனைச் சொல்லி விற்பார். நாம் கேட்க வேண்டியது காற்றின் கணக்கு. குழாய்க்குள் காற்று நிமிடத்துக்குச் சுமார் 4000 அடி வேகத்தில் ஓடினால்தான் மரத்தூள் வழியில் படியாமல் போய்ச் சேரும். அந்த வேகத்தில் 4 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 350 கன அடிக் காற்றுதான் போகும். 6 அங்குலக் குழாயில் 785 கன அடி. நான்குக்கும் ஆறுக்கும் வித்தியாசம் பார்வைக்குச் சிறிது, காற்றுக்கு இரண்டு மடங்குக்கு மேல். அதற்காகச் சின்ன மோட்டாருக்குப் பெரிய குழாயைப் பூட்டினால் வேகம் செத்துப்போய்த் தூள் குழாயிலேயே தங்கும். இரண்டும் பொருந்த வேண்டும். விலைச்சீட்டில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் குழாயே மாட்டாமல் எடுத்த அளவு என்பதையும் நினைவில் வையுங்கள். இவ்வளவு தூரம், இத்தனை வளைவு போட்ட பிறகு எவ்வளவு இழுக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

நம் தோழர்கள் சிலர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் 3 குதிரைத் திறன் மெஷின் வாங்கி ஒரு மூலையில் வைத்தார்கள். அங்கிருந்து 40 அடிக்கு நெளிகிற ரப்பர் குழாய், அதுவும் 4 அங்குலம். மூன்று மெஷின்களுக்கும் வாய் எந்நேரமும் திறந்தே கிடந்தது. எதுவும் இழுக்கவில்லை. கரண்டு செலவு வீண் என்று நிறுத்தியும் விட்டார்கள். தோழர்கள் திரும்பத் திரும்பப் பேசியதன் பேரில் மெஷினை ரம்பத்தின் பக்கத்துக்கு நகர்த்தி, 6 அங்குலத் தகரக் குழாயை நேராக ஓட்டி, கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரு அடைப்புத் தகடு வைத்தார்கள். ஓடுகிற மெஷினின் தகடு மட்டும் திறந்திருக்கும். நெளிகுழாய் கடைசி இரண்டு அடிக்கு மட்டும். சட்டென்று முறியும் முழங்கை வளைவை எடுத்துவிட்டு இரண்டு அரை வளைவாகப் போட்டார்கள். அதே மோட்டார்தான். இப்போது இழுக்கிறது.

ஆனால் பையைக் கவனியுங்கள். மலிவான துணிப்பை சீவலைப் பிடித்துக்கொண்டு மெல்லிய தூசியைத் திரும்ப நம் மேலேயே ஊதும். அப்படிப்பட்ட மெஷின் இல்லாமல் இருப்பதே மேல் என்றுகூடச் சொல்லலாம். ஒரு மைக்ரான் வரை பிடிக்கும் வடிகட்டி கேளுங்கள். முன்னால் ஒரு சைக்ளோன், அதாவது காற்றைச் சுழற்றித் தூளைக் கீழே டிரம்மில் தள்ளும் கூம்பு, இருந்தால் வடிகட்டி சீக்கிரம் அடைபடாது. பையை வெளியே வைத்து ஊதிவிடலாமே என்பார்கள். தாராவி போன்ற இடத்தில் வெளியே என்பது இன்னொரு தொழிலாளியின் ஜன்னல். அதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

நெருப்பையும் மறக்க வேண்டாம். பழைய மரத்தில் இருக்கும் ஆணி ஃபேனில் அடித்துப் பொறி கிளம்பினால் பை முழுவதும் தீனி. ஃபேனுக்கு முன்னால் கனமானது விழுந்துவிட ஒரு பெட்டி வேண்டும். குழாய்க்கு எர்த் வேண்டும். பை நிரம்ப விடாமல் தினமும் காலி செய்ய வேண்டும். பீடி பட்டறைக்கு வெளியே.

மெஷின் வந்த பிறகும் கம்ப்ரஸர் காற்றால் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பழக்கமும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும் தொடர்ந்தால் பிடித்த தூசியை நாமே கிளப்பிவிடுகிறோம். கையால் உப்புத்தாள் போடும் வேலைக்கு எந்தக் குழாயும் எட்டாது. அங்கே என்95 முகக்கவசம் தேவை. தோள் துண்டைக் கட்டிக்கொள்வது மனத்துக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

சட்டம் நம்மைக் காக்காதா என்று கேட்பீர்கள். மத்தியச் சட்டத்தில், மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது. 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு அதை 20 பேர் ஆக்கிவிட்டது. நம் பட்டறைகளில் ஆறு பேர், எட்டுப் பேர். தொழிற்சாலை ஆய்வாளர் நம் வாசலுக்கு வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. தனியாகப் போய்க் கேட்டவனை மறுநாள் வரவேண்டாம் என்று சொல்வது எளிது. ஒரே வரிசையில் இருக்கும் நான்கு பட்டறைத் தொழிலாளர்களும் ஒரே வாரத்தில் ஒரே கோரிக்கையை வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆகவே ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். இரவில் விளக்கணைத்து, ஓடுகிற மெஷினின் மறுபக்கத்திலிருந்து நம்மை நோக்கி ஒருவர் டார்ச் அடிக்கட்டும். தள்ளி நின்று பாருங்கள். பகலில் தெரியாத தூசி எந்த வாயிலிருந்து தப்பி வருகிறது என்பது அந்த வெளிச்சத்தில் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார்த் தகட்டில் உள்ள எண், குழாயின் அகலம், மெஷினுக்கு மெஷின் தூரம், இவற்றை ஒரு தாளில் எழுதி அடுத்த ஞாயிறு சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சேட்டிடம் கொடுக்க வேண்டிய மனுவை அந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதப் போகிறோம்.