பெயர் எழுதாத படங்கள்



கலிலேயக் கடலோரத்தில் இயேசு முதல் சீடர்களை அழைத்ததை மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீமோன், அந்திரேயா, யாக்கோபு, யோவான், தந்தை செபதேயு என ஐந்து பேர் அங்கே பெயரோடு வருகிறார்கள். செபதேயுவின் படகில் கூலியாள்களும் இருந்தார்கள் என்று மாற்கு சொல்கிறார். அவர்களுடைய பெயர்களை மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்தக் கூலியாள்களை நினைக்கும்போது, சில பழைய புகைப்படங்களும் நினைவுக்கு வருகின்றன. ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரை ஒட்டிய கடற்கரையில் நியூஹேவன் என்ற சிறிய மீனவர் ஊர் உண்டு. 1843-ஆம் ஆண்டு முதல் 1847 வரை ஹில், ஆடம்சன் என்ற இருவர் அங்கே போய்ப் படம் எடுத்தார்கள். புகைப்படக் கலை பிறந்த புதிது. நல்ல வெயிலில், அசையாமல் காத்திருந்தால்தான் முகம் பதியும். கடலுக்குப் போகிற ஆண்களும், கூடை சுமந்து எடின்பரோவுக்கு மீன் விற்கப் போகிற பெண்களும் அவர்களுக்காக அசையாமல் நின்றார்கள்.

ஹில் ஓர் ஓவியர். அந்த நாட்டுத் திருச்சபையிலிருந்து 1843-இல் பிரிந்து சென்ற போதகர்களை ஒரே ஓவியத்தில் வரைவதற்காகவே அவர் புகைப்படத்தின் உதவியை நாடினார். நானூறுக்கும் மேற்பட்ட முகங்கள் கொண்ட அந்த ஓவியம் 1866-இல் முடிந்தது. அதில் இருப்பவர் யார் யார் என்று இன்றும் சொல்ல முடியும். நியூஹேவன் மக்களில் பலருடைய பெயர் போய்விட்டது. தம் படகில் சாய்ந்து நிற்கும் ஒரு மீனவரின் படம் புகழ்பெற்றது. அதன் தலைப்பிலேயே, 'சாண்டி, அல்லது ஜேம்ஸ், லிண்டன்' என்று எழுதியிருக்கிறார்கள். அவரோடு இருக்கும் சிறுவர்கள் வெறும் 'பிள்ளைகள்'தாம்.

முகம் தெளிவாக இருக்கிறது, பெயர்தான் இல்லை. யாரோ ஒருவர் அன்றே படத்தின் பின்புறம் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

'கடவுளுக்குத்தான் எல்லாருடைய பெயரும் தெரியுமே' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நல்ல ஆயனுக்குத் தம் ஆடுகள் ஒவ்வொன்றின் பெயரும் தெரியும். செபதேயுவின் கூலியாள்களையும் அவர் அறிவார். மறப்பவர்கள் நாம்தான். பெயர் தெரியாத படத்தை, வீடு மாறும்போது பழைய காகிதத்தோடு போட்டுவிடுகிறோம். அதில் இருப்பவர் நம் பாட்டனின் உடன்பிறந்தவராக இருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படிப்பட்ட படங்கள் இருக்கும். திருமணக் கூட்டத்தில் ஓரமாக நிற்கும் பெண்மணி யார்? அப்பாவோடு நிற்கும் அந்த வேலையாள் யார்? இதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் இன்று உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியாக இருக்கலாம். கல்லறைத் திருநாள் வருமுன் அவரருகே உட்கார்ந்து கேளுங்கள். பென்சிலால் பின்புறம் எழுதி வையுங்கள். அந்தப் பெயர்களையும் அன்றைய திருப்பலிக்குக் கொடுங்கள்.

நம்மைப் பெயர் சொல்லி அழைத்த இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.